போர்வைக்கு எதற்குக் காஜா

போர்வைச் சங்கத்தை இப்போது நடத்துகிற பெண்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பாகலூர் ரோட்டு மாடி அறையைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறார்களாம். போகிற இடம் சின்னது. எதை எடுத்துப்போவது, எதைக் கழிப்பது என்று பார்த்தபோது ஜன்னலோரம் துணி மூடிக் கிடக்கும் காஜா மிஷின் கண்ணில் பட்டிருக்கிறது. "போர்வை தைக்கிற எடத்துல காஜா மிஷின் எதுக்குங்கம்மா? எடைக்குப் போட்டுடலாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் நல்ல பெண்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், எழுதித் தருகிறேன் என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சங்கத்துப் பிள்ளைகளே, நீங்கள் கேட்டது மிஷினைப் பற்றி. நான் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுவேன். ரிட்டயர் ஆனவளிடம் எழுதித் தரச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

நான் பாரூர்க்காரி. ஏரித்தண்ணி, நெல்லு, கரும்பு என்று வளர்ந்தவள். கல்யாணமாகி ஓசூர் வந்த பிறகுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது. வந்த கையோடு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். கழிவுத் துணியில் கொஞ்ச நாள் பழகவிட்டார்கள், பிறகு லைனில் உட்காரவைத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பேர். அந்த ஓட்டையை எடுத்தே நான் ரிட்டயர் ஆனேன்.

காஜா மிஷின் முதலில் சுற்றித் தைக்கும், அப்புறம் நடுவில் கத்தி இறங்கும். என்னிடம் வரும்போது சட்டை கிட்டத்தட்ட முடிந்திருக்கும். காலர், கை, பாக்கெட் எல்லாம் மற்றவர்கள் பாடுபட்டு வைத்திருப்பார்கள். கத்தி ஒரு நூல் தள்ளி இறங்கினாலும் அத்தனை பேர் உழைப்பும் ரிஜெக்ட். அந்த வேலையால் எனக்கு நிதானம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்றால் எல்லாம் தைப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். காலர் வைக்கிறவளுக்குக் காலர்தான் தெரியும். கை ஏற்றுகிறவளுக்குக் கைதான். என் மகளுக்குப் பாவாடை தைக்க நான் டெய்லரிடம்தான் கொடுத்தேன். அந்த டெய்லர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

சபுரா அக்கா எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு இன்சார்ஜ். சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் வெறும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கட்டிங் மேஜைக்கு அடியில் தினமும் மூட்டை மூட்டையாகத் துண்டுத்துணி கூட்டித் தள்ளப்படுவது அவருக்குத்தானே தெரியும். மானேஜரிடம் கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் துணியில் இல்லாதவர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை லீவில் எங்களையெல்லாம் மாடி அறைக்கு வரச் சொன்னார். கம்பெனியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பதால் லீவிலும் அதே பழக்கத்தில் போய் நின்றோம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு கண்ணில் பட்டால் கையிலிருக்கும் மார்க்கிங் சாக்பீஸால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். மானேஜர் கத்தினால்கூட எங்களுக்கு உறைக்காது, அந்த இரண்டு தட்டு கேட்டால் செய்ததைப் பிரித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்போம்.

போர்வை வேலையிலும் அதே கண்டிப்பு. பனியன் துணி தனி, காட்டன் தனி. பனியன் துணி இழுபடும், இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒரே துவைப்பில் போர்வை கோணிக்கொள்ளும். எல்லாவற்றையும் சுடுதண்ணியில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இஸ்திரி. அட்டை வைத்து வெட்டிச் சதுரம் சதுரமாக இணைத்தால் மேல்துணி. நடுவில் பஞ்சு வைக்கக் கூடாது, துவைத்தால் கட்டி கட்டியாக ஒதுங்கிவிடும். பழைய கம்பளியோ நாலாக மடித்த நூல்சேலையோதான் வைப்போம். அடியில் ஒரு பெட்ஷீட். மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். பிறகுதான் மிஷின் தையல், கடைசியில் ஓரத்தைச் சுற்றிப் பட்டி வைத்துப் பைப்பிங்.

இதில் காஜா எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. காலர் வைக்கிறவர்களுக்காவது பைப்பிங் வேலை கொடுத்தார்கள். எனக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. "ராஜிக்குப் போர்வையில வேலை இல்ல, வாயிலதான் வேலை" என்று கிண்டல் செய்வார்கள். நானும் பிசிறு வெட்டிக்கொண்டே எல்லாரையும் சிரிக்கவைப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் சட்டத்தில் முதல் சட்டம், அளக்காமல் வெட்டக் கூடாது என்பது. போர்வை யாருக்கோ அவர்கள் படுக்கிற இடத்துக்கே போவோம். படுக்கவைத்து உச்சந்தலையிலிருந்து கால்வரை டேப் பிடிப்பார். காலுக்கு அடியில் சொருகிக்கொள்ள ஒரு சாண், தலைக்கு மேல் இழுத்துக்கொள்ள ஒரு சாண் கூட்டுவார். ஒருமுறை நான், இது என்னக்கா சட்டையா, போர்வைதானே, குத்துமதிப்பாக வெட்டினால் ஆகாதா என்று கேட்டேன்.

"யாரு போட்டுக்கப் போறாங்கன்னு தெரியாமயே ஆயுசு பூரா வெட்டிட்டேன் ராஜி. இதையாவது ஆளைப் பாத்து வெட்டறேனே" என்றார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்பார். எத்தனை பேர் சேர்ந்து படுப்பீர்கள்? கூச்சப்பட வேண்டிய கேள்வியைத் தக்காளி விலை விசாரிக்கிற மாதிரி கேட்பார். தமிழில் கேட்பார், ஆளுக்குத் தக்கபடி தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார். ஒருத்தருக்குப் பெரிய போர்வையாகக் கொடுத்தால் தாராளம் என்று நாம் நினைப்போம். அக்கா ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஆள் இல்லாத பக்கம் போர்வை தரையோடு படியாமல் தூக்கி நிற்கும், அந்த வழியாகக் காற்று நுழையும், இருக்கிற சூடும் போய்விடும் என்பார். ஒருத்தருக்கு இரண்டு பேர் போர்வை குளிரும். இது அவர் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை அசைத்துப் பார்த்தவள் ஜவளகிரிப் பக்கத்து மாதம்மா.

காட்டோரத்தில் தகர ஷீட் போட்ட வீடு. ராகிக் காட்டில் கூலி வேலை. வீட்டுக்காரர் நாகராஜ் பெங்களூரில் சென்டரிங் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். போலீசில் எழுதிக் கொடுத்தும் ஒரு தகவலும் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று பாதிப்பேர், உயிரோடு இல்லை என்று மீதிப்பேர். மாதம்மா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றாக மூட்டி, அதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தாள்.

அக்கா அவளைப் படுக்கவைத்து அளந்தார். பிறகு கன்னடத்தில், "எஷ்டு ஜன மலக்தீரா?" என்றார். எத்தனை பேர் படுக்கிறீர்கள்?

"இப்பரு" என்றாள் மாதம்மா. இரண்டு பேர்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அவன் போய் வருசத்துக்கு மேலே ஆச்சு, எங்கே இரண்டு பேர் என்று எங்களிடம் சொன்னாள். மாதம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் ஒரு ஆணியில் துவைத்த சட்டை ஒன்று தொங்கியது.

அக்கா கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினார். "இப்ப படுக்கறது நீ ஒருத்திதானம்மா. ஒருத்திக்குத் தச்சுத் தரேன். அவரு வந்ததும் சொல்லி அனுப்பு, பெரிசா வேற தச்சுக் குடுக்கறேன்."

"அவரு வர்ற அன்னிக்கு வீட்ல ஒருத்தி போர்வை கெடந்தா, அவரு என்னக்கா நெனப்பாரு?"

அக்கா சுருட்டிய டேப்பை மறுபடி பிரித்தார். எடுத்த அளவை அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒருத்திக்குன்னா வேண்டாங்க. கஷ்டப்படறவங்க வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்தாள், பஸ் வருகிற ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். காற்று ஊசியாகக் குத்தியது. அவளுக்கு நாங்கள் ஒன்றும் செய்யாமல் பஸ் ஏறினோம்.

பஸ் தளி வரும்வரை அக்கா அளவெழுதிய சீட்டையே மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்கு மௌனம் ஒத்துவராது. எதையாவது பேச வேண்டுமே என்று என் வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இருசக்கர வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் இருந்தார். பெரும்பாலும் நைட் ஷிப்ட். எனக்குப் பகல். எங்கள் வீட்டில் போர்வை ஒன்றுதான், அதற்கு ஆள் இரண்டு, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. நான் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அவர் வந்து சேர்வார். வாசலில் ஒரு வார்த்தை, சோறு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை, அத்தோடு சரி. அதனால் நான் காலையில் போர்வையை மடிக்க மாட்டேன். படுத்திருந்த இடத்திலேயே மூடினாற்போல விட்டுவிட்டு எழுந்திருப்பேன். உள்ளே சூடு இருக்கும். அவர் கைகால் கழுவிக்கொண்டு அதில் நுழைந்துகொள்வார். சாயங்காலம் நான் வரும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். போர்வை என் தலையணைமேல் மடித்து வைத்திருக்கும், மிஷின் ஆயில் வாசனையோடு. மாமியார் ஒருமுறை வந்தபோது, படுக்கையை மடிக்கத் தெரியாத மருமகள் என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லி நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜி, கழட்டி மாட்ற மாதிரி ஒரு போர்வை பண்ண முடியுமா? ஒருத்தருக்குன்னா ஒண்ணு, ரெண்டு பேருக்குன்னா சேத்துப் பூட்டிக்கற மாதிரி?"

பட்டன் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. போர்வையில் எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் சிக்கல் ஒவ்வொன்றாக முளைத்தது. மூன்று அடுக்குத் துணியில் காஜாக் கத்தி இறங்காது. அதனால் போர்வையின் ஓரத்துக்குச் சட்டைப் பட்டி மாதிரி தனியாக ஒரு பட்டி வெட்டி, அதை மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மிஷினில் போட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான், காஜா எடுத்தேன். பட்டியைப் பிறகு போர்வையின் ஒரு பாதியோடு சேர்த்தோம், மறு பாதியில் பட்டன். பூட்டிப் பார்த்தால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளி. அக்கா கையை அதற்குள் விட்டு, காற்று வரும் என்றார். பட்டன் வைக்கும் பாதியின் ஓரத்தில் உள்பக்கமாக இன்னொரு நாக்குத் துணி வைத்து அந்த இடைவெளியை மூடினோம். அடுத்து, பிளாஸ்டிக் பட்டன் புரண்டு படுத்தால் விலாவில் குத்தும். துணி சுற்றிய தட்டைப் பட்டனாக மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் மேஜைமேல் இரண்டு தட்டு. கடைசித் தடவை தட்டவில்லை. போர்வையை மடித்து என் கையில் கொடுத்து, நீயே தூக்கிட்டு வா என்றார்.

மாதம்மாவின் வீட்டில் அக்கா தரையில் விரித்துக் காட்டினார். பூட்டினால் இரண்டு பேருக்கு. கழற்றினால் ஒன்று, அதன்மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டால் ஒருத்திக்கு இரட்டைச் சூடு. மாதம்மா ஒரு பட்டனைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். திரும்பக் கழற்றினாள். பிறகு இரண்டு பாதியையும் தடவிப் பார்த்துவிட்டு, "காஜா இருக்கறது எனக்கு. பட்டன் இருக்கறது அவருக்கு" என்றாள். எதனால் அப்படிப் பிரித்தாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பாதியையும் அவள் வாங்கிக்கொண்டதே போதும் என்றிருந்தது.

அடுத்த குளிருக்கு வேறு வீட்டில் அளவெடுக்க அதே பக்கம் போனோம். மாதம்மா வீட்டு வேலியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. காஜா இருந்த பாதி வெளுத்துப்போயிருந்தது, பட்டன் பாதி நாங்கள் கொடுத்த நிறத்திலேயே இருந்தது. கம்பெனி செக்கிங்கில் ஷேடு வேரியேஷன் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டிருப்பார்கள். அக்கா வேலியோரம் போய்ப் பட்டன் பாதியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அதற்கும் அடுத்த வருடம் போனபோது இரண்டு பாதியும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலில் நின்றே, "நாகராஜ் வந்துட்டாராம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லீங்கக்கா" என்றாள். என் பார்வை வேலிப்பக்கம் போனதைப் பார்த்துவிட்டாள். "ஒண்ணு பழசா ஒண்ணு புதுசா இருந்தா, எத்தன நாளு ஆச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சு போவும். மனசு சங்கடப்படுவாரு. அதான் மாத்தி மாத்திப் போத்திக்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். விட்டுவிட்டுப் போன ஆள் சங்கடப்படக் கூடாதாம், இவள் போர்வையை மாற்றி மாற்றி வெளுக்கவைப்பாளாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீட்டுக் கம்பியில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். 

கம்பெனியில் கம்ப்யூட்டர் மிஷின்கள் வந்து பழையதைக் கழித்தபோது, நான் உட்கார்ந்த காஜா மிஷினைச் சங்கத்துக்குக் கேட்டு வாங்கினேன். நீங்கள் எடைக்குப் போடலாமா என்று கேட்டது அதைத்தான். மாதம்மாவுக்குப் பிறகு பூட்டுப் போர்வை கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைச் சுற்றிப் பூட்டிக்கொள்ள வாட்ச்மேன்கள் கேட்டார்கள். எங்களை மாதிரி ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போகிற புருஷன் பெண்டாட்டிகள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் காஜா எடுத்தவள் நான்தான்.

நான் ரிட்டயர் ஆனபோது சங்கத்தில் எனக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார்கள். அக்கா சட்டத்தை விடுவாரா? வீட்டுக்கே வந்து எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து அளந்தார். என் வீட்டுக்காரர் வெட்கத்தில் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தார். பூட்டுப் போர்வை வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு, இவரும் ரிட்டயர் ஆகிவிட்டார், இனிமேல் ஒரே ஷிப்ட்தான், பிரிக்காத போர்வையாகவே கொடுங்கள் என்று நான் சொன்னேன்.

ஒரே ஷிப்டுக்கு வந்த பிறகுதான் அவர் குறட்டை விடுவார் என்றே எனக்குத் தெரிந்தது. போர்வையை அவர் பக்கம் இழுப்பார், நான் என் பக்கம் இழுப்பேன். காலையில் யார் முதலில் எழுந்து டீ போடுவது என்று சண்டை. அந்தச் சண்டைக்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தோமோ என்று தோன்றும். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரைகூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சங்கத்துக்கு வரவில்லை. உங்களில் காஜா தெரிந்தவர் யாரும் இல்லை, மிஷின் துணி மூடிக் கிடந்தது. சபுரா அக்காவும் கண் மங்கி, மகள் வீட்டோடு வாணியம்பாடிக்குப் போய்விட்டார். ஆனால் போன் செய்வார். ஒவ்வொரு குளிருக்கும் ஒரே பேச்சு. "ரெண்டு பேரு போர்வைல ஒத்தையாப் படுக்காத ராஜி, குளிரும். சங்கத்துப் புள்ளைங்ககிட்ட ஒருத்தருக்கு அளவு குடு." சரிக்கா என்பேன், கொடுக்க மாட்டேன். குளிரத்தான் செய்கிறது. அவர் பக்கம் போர்வை தூக்கி நிற்கிறது, அந்த வழியாகக் காற்று வருகிறது. இன்றைக்கும் காலையில் எழுந்தால் நான் போர்வையை மடிப்பதில்லை, மூடினாற்போலவே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். சாயங்காலம் அது விட்டது விட்டபடியே கிடக்கிறது. மனசு அவரைத் தேடுகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாதம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. நாகராஜ் வந்தாரா என்று தெரியாது. அவளைத் திட்டினேனே தவிர, இப்போது அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளுக்கு வருவதற்கு ஒரு ஆள் உண்டு. எனக்கு இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் குளிரில் முட்டி வலி தாங்காமல் கடைசியில் அக்கா சொன்னபடி கேட்டேன். நேற்று அளவெடுக்க வந்தது அஞ்சலி. ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண். என்னைப் படுக்கவைத்து டேப் பிடித்தாள், காலுக்கும் தலைக்கும் சாண் கூட்டினாள், யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேள்வி வரும்போது மட்டும் தயங்கினாள். சட்டம் சட்டம்தான், கேள் என்றேன்.

"எத்தனை பேர் அம்மா?"

"ஒருத்தர்தான். ஆனா எடது பக்கம் பட்டி வெச்சுக் காஜா எடுக்கணும்."

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்ப பட்டன் வெச்ச இன்னொரு பாதி?"

"அது வேண்டாம்மா. காஜா மட்டும் போதும்."

அஞ்சலி அப்படியே எழுதிக்கொண்டாள். காஜா இருக்கறது எனக்கு என்று மாதம்மா சொன்னாளே, அதுதான். நீங்கள் பட்டியைத் தனியாக வெட்டி வையுங்கள், போர்வையோடு சேர்த்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து காஜா எடுத்துக்கொள்கிறேன். அதுவரை அந்த மிஷினை யாரும் எடைக்குப் போட வேண்டாம். ரொம்ப நாள் ஓடாமல் கிடக்கிறது, எண்ணெயும் நான் வந்தே விட்டுக்கொள்கிறேன்.